நான்கு மணிப் பட்டியல்

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குத் தொலைபேசி அடித்ததும் எம்மெட் ஹாலரின் கையிலிருந்த காப்பிக் கோப்பை நழுவிச் சமையலறைத் தரையில் விழுந்து உடைந்தது. அடித்தது அவனுடைய தொலைபேசி அல்ல, அவன் மனைவி கொரினுடையது. அழைத்தது அவள் அம்மா.

"ஏதாவது தெரிஞ்சுதாடி?"

"அம்மா, இன்னிக்கு நாலு மணி வரைக்கும் யாரும் போன் பண்ணக்கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"நான் யாரோவா? பெத்தவ."

"பெத்தவளும் பண்ணக்கூடாது. இங்க ஒரு கப்பு போச்சு. இன்னும் ரெண்டு தடவை அடிச்சிருந்தா உங்க மாப்பிள்ளையும் போயிருப்பார்."

அம்மா அடங்கவில்லை. ஒன்பது மணிக்குள் இன்னும் இரண்டு முறை அழைத்துவிட்டாள். கடைசியில் கொரின் தன் தொலைபேசியை அணைத்துப் படுக்கையறை அலமாரியில் போட்டாள்.

ஊரில் மற்ற வீடுகளில் வேலைக்குக் காத்திருப்பவர்கள் தொலைபேசி அடிக்காதா என்று ஏங்குவார்கள். டொலிடோ ஹெரன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்காரர்களின் வீடுகளில் ஆகஸ்ட் மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை மட்டும் அது தலைகீழாகிவிடும். ஜூலையில் பயிற்சிக்கு வந்த தொண்ணூறு பேரில் ஐம்பத்து மூன்று பேரின் பெயரை மட்டும் அணி மாலை நான்கு மணிக்குள் எழுதி அனுப்ப வேண்டும். பெயர் இல்லாதவனுக்கு அதற்கு முன்பே அழைப்பு வரும்: பயிற்சியாளர் பார்க்க வேண்டும் என்கிறார், டாப்லெட்டை எடுத்துக்கொண்டு வா. ஆட்டத் திட்டங்கள் எல்லாம் அந்த டாப்லெட்டில்தான் இருக்கின்றன. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. பெயர் இருக்கிறவனை யாரும் அழைக்கமாட்டார்கள். மௌனம்தான் நல்ல செய்தி. அந்த அழைப்புகளைச் செய்பவர் ஹோவர்ட் பிளிஸ் என்ற, குரலை உயர்த்தியே பழக்கமில்லாத மனிதர். பேரப்பிள்ளைகளின் படத்தைப் பணப்பையில் வைத்திருப்பவர். வீரர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் எமன்.

எம்மெட் குவார்ட்டர்பேக். ஆட்டத்தின் பெயரில்தான் கால் இருக்கிறது. அவன் பிழைப்பு கையில் இருந்தது. பின்னால் நின்று பந்தை வாங்கி, இரண்டே நொடியில் எதிரே ஓடுகிறவர்களில் யாருக்கு என்று முடிவு செய்து எறிய வேண்டும். அணியில் அந்த இடத்துக்கு மூன்று பேர் இருந்தார்கள். பத்து வருட அனுபவமுள்ள ப்ரானிகன் முதல் ஆள். கார்வர் இரண்டாவது. எம்மெட் மூன்றாவது. பெரும்பாலும் பட்டியலில் இரண்டு பேருக்குத்தான் இடம். எம்மெட்டுக்கு வயது இருபத்தாறு. நான்கு வருடத்தில் இது மூன்றாவது அணி, மூன்றாவது ஊர். மூன்று ஊரிலும் கொரின் பல் மருத்துவமனைகளில் பற்களைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்தாள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி உரிமம், தனி விண்ணப்பம், தனிக் காத்திருப்பு. இந்த ஊர் இருக்கும் ஒஹாயோ மாநிலத்து உரிமம் போன வாரம்தான் தபாலில் வந்திருந்தது. கையில் எடுத்துப் பார்த்துவிட்டு உறையிலேயே வைத்துவிட்டாள். வாடகை வீட்டுக் கூடத்தில் ஜூன் மாதம் வந்த பதினொரு அட்டைப் பெட்டிகள் நாடா பிரிக்காமல் நின்றன. இரண்டு தட்டு, இரண்டு கோப்பை, ஒரு வாணலி. அதை வைத்துத்தான் குடித்தனம். இப்போது கோப்பையும் ஒன்றாகிவிட்டது.

அவர்களிடையே ஓர் ஒப்பந்தம் இருந்தது. இந்த முறையும் பெயர் இல்லையென்றால் அயோவாவில் சொந்த ஊரான மார்லோவுக்குத் திரும்புவது. எம்மெட் படித்த பள்ளிக்கூடத்தில் சரித்திர ஆசிரியர் வேலையோடு ஆட்டப் பயிற்சியாளர் வேலையும் காலியாக இருந்தது. பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரமாகிவிட்டது. இன்று ஐந்து மணிக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார் தலைமை ஆசிரியர். இரண்டு பேரும் போன மாதம் இதே சமையலறையில் கைகுலுக்கி முடிவு செய்திருந்தார்கள், ஏதோ வீடு விற்கிறவர்களைப் போல.

உடைந்த துண்டுகளை இடது கையால் பொறுக்கிப் போட்டுவிட்டு எம்மெட் தன் தொலைபேசியை அவளிடம் நீட்டினான்.

"இத நீயே வச்சுக்க கொரி. நாலு மணி வரைக்கும். இதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும். வந்தா எங்க இருந்தாலும் வந்து சொல்லு. சரியா?"

"சரி."

"சத்தியமா?"

"போடா. போய்ப் புல்ல வெட்டு."

வீட்டு வாசலிலும் பின்புறமும் இருந்த புல்லுக்கு அன்றைக்கு அவன் செய்த மரியாதையை அது அதற்கு முன் கண்டிருக்காது. முதலில் நெட்டுக்கு வெட்டினான். பிறகு குறுக்காக வெட்டினான். வேலி ஓரத்தை ஒரு மணி நேரம் செதுக்கினான். கொரின் சன்னலில் நின்று பார்த்தாள். வலது கையின் கட்டை விரலை மட்டும் வெட்டும் இயந்திரத்தின் பிடியில் படாமல் அவன் தூக்கி வைத்திருந்தது அவளுக்குத் தெரிந்தது.

அது வெள்ளிக்கிழமை பட்ட அடி. பருவத்துக்கு முந்தைய கடைசி ஆட்டம், கடைசிக் கால் பகுதி, தூறல், பாதி காலியான இருக்கைகள். பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் தொப்பி போட்டுக்கொண்டு ஓரத்தில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில்தான் எம்மெட்டை உள்ளே அனுப்பினார்கள். எண்பது கஜத்தை ஒன்பது எறிதலில் கடந்து பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் சேர்த்தான். அதில் ஏழாவது எறிதலில் கை முன்னால் வந்தபோது எதிராளியின் தலைக்கவசத்தில் கட்டை விரல் மோதியது. மனைவிமார் வரிசையில் உட்கார்ந்திருந்த கொரின், அவன் கையை இடுப்புத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டதைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை விரலில் கட்டிக்கொண்டு, "ஒண்ணும் இல்ல, லேசான வீக்கம்" என்றான். அணி மருத்துவரிடமும் அதையேதான் சொல்லியிருந்தான்.

பன்னிரண்டு நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது.

மேசையில் கிடந்து நடுங்கிய அந்தக் கருவியின் முகத்தில் 'ஹோவர்ட் பிளிஸ்' என்று எழுத்துகள் வந்தன. சன்னலுக்கு வெளியே எம்மெட் முதுகைக் காட்டிக்கொண்டு கடைசி வரிசையை வெட்டிக்கொண்டிருந்தான். பின்கழுத்து சிவந்திருந்தது. இயந்திரத்தின் இரைச்சலில் அவனுக்கு எதுவும் கேட்டிருக்காது. ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தாள். கொரின் சன்னலிலேயே நின்றாள். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அதுவும் ஓய்ந்தது. பிறகு ஒரு குறுஞ்செய்தி: 'உடனே கூப்பிடு.'

அந்த வரிசையை அவன் முடிக்கட்டும் என்று நினைத்தாள். அதற்குள் என்ன குடிமுழுகிவிடும். வருகிறவன் பசியோடு வருவான், சாப்பிட்டு முடிக்கட்டும். நான்கு வருடமாக ஓடிய ஓட்டம் இன்னும் அரை மணி நேரம் கழித்து நின்றால் யாருக்கு என்ன நஷ்டம்? தொலைபேசியின் சத்தத்தை நிறுத்தி, கைத்துண்டுகள் வைக்கும் இழுப்பறையில் அடியில் செருகி மூடினாள்.

அடுப்பில் தண்ணீர் வைத்துச் சோளக் கதிர்களைப் போட்டாள். தக்காளியை வட்டமாக நறுக்கினாள். நறுக்கிக்கொண்டிருக்கும்போதே மார்லோவில் அம்மா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி விற்பனைக்கு நிற்கிற மஞ்சள் வீடு நினைவுக்கு வந்தது. அதன் சமையலறையில் காலை வெயில் விழும். ஒரே மாநிலம், ஒரே உரிமம். ஒரே பல் மருத்துவமனையில் ஆறு வயதில் பார்த்த பிள்ளையின் பல்லைப் பத்து வயதிலும் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை மாலை எம்மெட் பள்ளிக்கூடத்துப் பையன்களோடு மைதானத்தில் நிற்பான். யாரும் அவனை மூன்றாவது ஆள் என்று சொல்லமாட்டார்கள். அடுப்படியில் நின்றபடி அவள் அந்த வீட்டுக்குத் திரைச்சீலைகூட மாட்டிவிட்டாள். அப்புறம்தான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. புருஷனின் கனவு முடிந்துவிட்டது என்ற செய்தியை இழுப்பறையில் மூடி வைத்துவிட்டு, அவள் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள்.

எம்மெட் புல் வாசனையோடு உள்ளே வந்தான். முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு, திரும்பாமலே கேட்டான்.

"வந்துச்சா?"

"இல்ல."

நான்கு வருடக் கல்யாணத்தில் அவள் சொன்ன முதல் பொய் அது. சொல்வதற்கு இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

சாப்பிட்டதும் சொல்லிவிடுவது என்று இருந்தாள். ஆனால் அவன் மூன்று கதிர் சாப்பிட்டான். நாலாவதையும் எடுத்தான். வாரக்கணக்கில் பேருக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கப் பார்க்க அவன் முகம் மெல்ல மெல்ல மலர்ந்துகொண்டே போனது. தன் வாயிலிருந்து வந்த ஒரு சொல் அந்த மலர்ச்சிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பதை அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்தாள்.

"ரெண்டேகால் ஆகப் போவுது கொரி. எமன் ஒரு மணிக்கு மேல போன் பண்ணி நான் கேள்விப்பட்டதே இல்ல. போன வருஷம் பன்னெண்டுக்கெல்லாம் முடிச்சிட்டு மனுஷன் மீன் பிடிக்கப் போயிட்டாராம்."

"எம், ஒரு நிமிஷம்..."

"இரு இரு. ஒண்ணே ஒண்ணு. ஒரே ஒரு பெட்டி மட்டும்."

தடுப்பதற்குள் எழுந்து கூடத்துக்குப் போய்விட்டான். கத்தியால் நாடாவைக் கிழிக்கும் சத்தம் அவள் முதுகெலும்பில் கேட்டது. பழைய செய்தித்தாள்களைக் குப்பென்று வெளியே இழுத்துப் போட்டான். உள்ளேயிருந்து அவர்கள் கல்யாணத்துக்கு வந்த பெரிய நீலப் பாத்திரத்தைத் தூக்கி, கோப்பையை வென்றவன் மாதிரி இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றான். கண்ணில் தண்ணீர் நின்றது. இந்த முகத்தை அவள் வெள்ளிக்கிழமை தூறலில், எண்பதாவது கஜத்தைக் கடந்தபோது, கவசத்தின் கம்பிகளுக்குப் பின்னால் பார்த்திருந்தாள். அதற்கு முன் ஒரு வருடமாகப் பார்த்ததில்லை.

"எம். அதக் கீழ வை. நான் உன்கிட்ட ஒண்ணு..."

வாசல் கதவு இடிபட்டது. தட்டல் அல்ல, இடி. அப்படித் தட்டுகிறவன் அந்தத் தெருவில் ஒருவன்தான். நாலு வீடு தள்ளிக் குடியிருந்த மலாக்கை என்பவன். எம்மெட்டின் கைக்குப் பந்தைத் தள்ளிவிடும் நடு ஆள். யூட்டாவில் பிறந்த, பசிபிக் தீவான தோங்கா வம்சத்துப் பிள்ளை. நிலைப்படிக்குள் ஒருக்களித்துத்தான் நுழைவான். இப்போது நேராகவே நுழைந்தான். கதவு சுவரில் போய் மோதியது.

"டேய்! உனக்குப் போன்னு ஒண்ணு எதுக்குடா? அங்க எல்லாரும் நீ கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டன்னு சொல்லிச் சிரிக்கிறானுங்க!"

"என்ன மச்சான் சொல்ற?"

"கார்வர வித்துட்டாங்கடா. மேற்குப் பக்கத்து அணிக்கு, பன்னெண்டரைக்கு. ப்ரானிகனுக்கு அப்புறம் நீதான். ஆனா அந்தக் கட்ட விரலு. வெள்ளிக்கிழமை படத்தத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்திருக்காங்க, நீ கைய உதறுறத. டாக்டர் உடனே எக்ஸ்ரே எடுக்கணும்ங்கறார். சரியா இருந்தா நீ. இல்லைன்னா ஒரு பழைய ஆளக் கொண்டுவந்து ஹோட்டல்ல உக்கார வச்சிருக்காங்க. அவன் பொட்டியக்கூட இறக்கலயாம். மூணரைக்குள்ள தெரியணும். எமன் ஒண்ணே முக்கா மணி நேரமா உனக்கு அடிக்கிறார்டா!"

எம்மெட் பாத்திரத்தை இறக்கினான். கொரினைப் பார்த்தான்.

அவள் இழுப்பறையைத் திறந்தாள். துண்டுகளை விலக்கித் தொலைபேசியை எடுத்து அவன் முன் நீட்டினாள். திரையில் பதினான்கு தவறிய அழைப்புகள் இருந்தன.

மலாக்கை உத்தரத்தைப் பார்த்தான். பிறகு அடுப்பில் மீதமிருந்த சோளத்தைப் பார்த்தான். "நான் வெளிய போயி வண்டி ஸ்டார்ட் ஆவுதான்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த வண்டியை நோக்கிப் போனான்.

"போட்டுக்க, செருப்ப" என்றாள் கொரின். "நான் ஓட்டறேன்."

மலாக்கையின் பெரிய வண்டி ஆம்புலன்ஸ் மாதிரி ஒலி எழுப்பிக்கொண்டு முன்னால் போக, இவர்களுடைய சின்னக் கார் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போனது. முதல் இரண்டு மைலில் எம்மெட் தொலைபேசியில் பிளிஸைக் கூப்பிட்டு, "வந்துக்கிட்டே இருக்கேன் சார். ஆமா சார். இல்ல சார், ஒளியல" என்றதோடு சரி. மூன்றாவது மைலில் ரயில் பாதை வந்தது. மலாக்கையின் வண்டி கடந்ததும் சிவப்பு விளக்கு மின்னி, இவர்கள் முகத்துக்கு நேராகக் கம்பம் இறங்கியது. சரக்கு ரயில். கண்ணுக்கு எட்டிய வரை பெட்டிகள்.

இரண்டு முப்பத்தைந்து. கம்பத்துக்கு அந்தப் பக்கம், பெட்டிகளின் இடைவெளியில் துண்டு துண்டாக, மலாக்கை வண்டியை விட்டு இறங்கித் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

கொரின் ஸ்டியரிங்கைப் பிடித்த கையைப் பார்த்தபடியே சொன்னாள். "உன்ன அனுப்பிட்டாங்கன்னுதான் நெனச்சேன் எம். நீ சாப்பிட்டு முடிக்கட்டும், அப்புறம் சொல்லலாம்னு."

"ம்."

"அது மட்டும் இல்ல. அத மட்டும் சொன்னா அது இன்னொரு பொய். எனக்கு... கொஞ்சம் சந்தோஷமா இருந்துச்சு. அந்த மஞ்சள் வீட்டுக்குத் திரைச்சீலை எல்லாம் போட்டுட்டேன் மனசுக்குள்ள."

தானியம் ஏற்றிய பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடகடத்துப் போயின. எம்மெட் அவற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"எவ்வளவு நேரம்?"

"என்ன எவ்வளவு நேரம்?"

"சந்தோஷமா இருந்தது."

அவள் யோசித்தாள். "சோளம் வேகற வரைக்கும்."

எம்மெட்டின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, பெருமூச்சா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. "என்ன கலர்?"

"எது?"

"திரைச்சீலை."

"வெள்ளை. சின்னப் பூப் போட்டது."

"நானும் புல்லு வெட்டறப்ப மனசுல அதே வீட்டுலதான் இருந்தேன்" என்றான். "ரெண்டு வரிசைக்கு ஆட்டம் வேணும்னு இருக்கும். அடுத்த ரெண்டு வரிசைக்கு, போன் வந்து தொலையட்டும், நிம்மதியாப் போயிடலாம்னு இருக்கும். அதனாலதான் குறுக்காலயும் வெட்டினேன். முடிவுக்கே வர முடியல." பிறகு அவள் பக்கம் திரும்பினான். "கோவம் இல்லாம இல்ல. இருக்கு. நிறைய இருக்கு. சத்தியமான்னு கேட்டேன் உன்ன. ஆனா அத நாலு மணிக்கு மேல வச்சுக்கறேன். இப்ப அதுக்கு நேரமில்ல."

"வச்சுக்க. நல்லா வச்சுக்க" என்றாள். "நீ அந்தப் பாத்திரத்தத் தூக்கிக்கிட்டு வந்து நின்ன பாரு. அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. எனக்கு மஞ்ச வீடும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். உன் மூஞ்சி அப்படி இருக்கணும். அவ்வளவுதான் வேணும்."

கம்பத்தின் மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"விரல் எப்படி இருக்கு?" என்றாள். "உண்மையச் சொல்லு. ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு பொய் போதும்."

அவன் வலது கையை மடியில் விரித்துப் பார்த்தான். விரலின் அடி, ஊதா நிறத்தில், பக்கத்து விரலைப் போல ஒன்றரை மடங்கு இருந்தது.

"காலையில கப்பு விழுந்துச்சே..."

"அம்மா போன் பண்ணினதுல பயந்து."

"பயம் இல்ல கொரி. பிடிக்க முடியல. போன் அடிக்கறதுக்கு முன்னாடியே நழுவ ஆரம்பிச்சிருச்சு. உங்கம்மா மேல பழியப் போட்டுட்டேன்."

கொரின் அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு காப்பிக் கோப்பையைப் பிடிக்க முடியாத கையோடு, அவன் நான்கு நாளாக அவளிடமும் மருத்துவரிடமும் சிரித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு வந்த கோபம் தன் மேல் இருந்த கோபத்தோடு சேர்ந்து, இரண்டும் சமமாகி, என்ன செய்வதென்று தெரியாமல் அவன் முழங்காலில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"ஐயோ! ஏண்டி?"

"இது நாலு மணிக்கு முன்னாடி."

கடைசிப் பெட்டி போனது. கம்பம் ஏறுவதற்குள் மலாக்கை வண்டிக்குள் பாய்ந்திருந்தான்.

பயிற்சி மைதான வாயிலில் ஹோவர்ட் பிளிஸே வந்து நின்றார். வழுக்கைத் தலையில் வெயில். கையில் ஒரு காகிதம். அதை அவர் நாலாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்து அதன் உயிரை வாங்கியிருந்தார். மணி இரண்டு ஐம்பத்தெட்டு.

"தம்பி, இருபது வருஷமா இந்த வேலை பாக்கறேன். இந்த நாள்ல நான் போன் பண்ணி நல்ல சேதி சொல்லப் போனது இதோட மூணே மூணு தடவை. அதையும் எடுக்க மாட்டேங்கறியே."

"அவர் மேல தப்பில்ல, மிஸ்டர் பிளிஸ்" என்றாள் கொரின். "போனை நான்தான் ஒளிச்சு வச்சேன். உங்க பேரப் பாத்ததும் பயந்துட்டேன்."

பிளிஸ் காகிதத்தை மடிப்பதை நிறுத்தினார். கோபப்படப்போகிறார் என்றுதான் நினைத்தாள்.

"அதனால என்னம்மா. இன்னிக்கு எம் பொண்டாட்டியே என் போன எடுக்க மாட்டா" என்று சொல்லிவிட்டு, எம்மெட்டின் தோளில் கை போட்டு உள்ளே அழைத்துக்கொண்டு போனார். பத்தடி போனதும் எம்மெட் திரும்பிப் பார்த்தான். கை அசைக்கவில்லை. அந்த ஊதா விரலை மட்டும் தூக்கிக் காட்டினான். மலாக்கை அவர்கள் பின்னால் ஓடினான்.

வெளியாட்களுக்கு அதற்கு மேல் அனுமதியில்லை. கொரின் வண்டி நிறுத்துமிடத்தில் காரின் மேல் சாய்ந்து நின்றாள். மைதானத்தைச் சுற்றி உயரமான கம்பி வேலி. வேறு அணிக்காரர்கள் எட்டிப் பார்க்காமலிருக்க அதன் மேல் சாம்பல் துணி போர்த்தியிருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியாது.

கட்டிடத்தின் பக்கக் கதவு திறந்து ஒரு பையன் வந்தான். தோளில் கறுப்புக் குப்பைப் பை, பொருள்களால் புடைத்திருந்தது. வெளியேற்றப்பட்டவர்கள் தங்கள் காலணிகளையும் துணிமணிகளையும் அதில்தான் அள்ளிப் போட்டுக்கொண்டு போவார்கள். பெட்டி கொண்டுவந்தால் துரதிர்ஷ்டம் என்று யாரும் பெட்டி கொண்டுவருவதில்லை. அவனை அவளுக்குத் தெரியும். ஆர்லாண்ட். வெள்ளிக்கிழமை எம்மெட் எறிந்த கடைசிப் பந்தைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்து பிடித்தவன்.

"எம்மெட் உள்ளயா அக்கா?"

"எக்ஸ்ரே எடுக்கறாங்க."

"அப்படியா!" அவன் முகம் நிஜமாகவே தெளிந்தது. பையைத் தரையில் வைத்தான். "நல்லது. அவர்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. வெள்ளிக்கிழமை அந்தப் பந்து, விரல்ல அடிபட்டதுக்கு அப்புறம் எறிஞ்சது. அது எனக்குத் தெரியவே தெரியாது. கையில வந்து உக்காந்துச்சு. அவ்வளவு மெதுவா ஒரு பந்து எனக்கு வந்ததே இல்ல."

"இப்ப எங்க போறீங்க?"

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வேற அணிக்காரங்க யாராவது கூப்பிடலாம்." சிரித்தான். "நாளைக்கு மட்டும் போன் அடிக்கணும்க்கா. இன்னிக்கு அடிக்கக்கூடாது, நாளைக்கு அடிக்கணும். என்ன பொழப்பு, இல்ல?"

அவனை அவள் அணைத்துக்கொண்டாள். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மூன்று பத்து. மூன்று பதினைந்து. ஒரு டாக்சி வந்து நின்றது. நடுவயதுக்காரன் ஒருவன், நீளமான கையும் நரைத்த கிருதாவும், இறங்கிக் கட்டிடத்துக்குள் போனான். ஹோட்டலில் இருந்தவன் இவன்தானா? அவன் முகத்திலும் பசி இருந்தது. அவனுக்கும் எங்கோ ஒரு வீட்டில் ஒருத்தி தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்று நினைத்ததும், அவனை வெறுக்கலாம் என்று எடுத்த முடிவு பாதியில் நின்றுபோனது.

மூன்று இருபத்து நான்குக்கு வேலியின் அந்தப் பக்கம் யாரோ விசில் ஊதினார்கள். பிறகு தட் என்று ஒரு சத்தம். தோல் பந்து உள்ளங்கையில் விழும் சத்தம். நான்கு வருடமாகக் கேட்டு அவளுக்குத் தூக்கத்திலும் அடையாளம் தெரியும். மறுபடி ஒரு தட். யாரோ யாருக்கோ எறிகிறார்கள். ஆனால் யார்? சாம்பல் துணியில் ஒரு கிழிசல்கூட இல்லை. குட்டையான எறிதல்கள். வேலிக்குக் கீழேயே முடிந்துவிடுகின்றன. அப்புறம் மலாக்கையின் குரல், வேறு யாருக்கும் இருக்க முடியாத அந்தத் தொண்டை, "அப்படித்தான் எம்மெட்! அப்படித்தான்டா!" என்று கத்தியது.

கொரின் காரிலிருந்து முதுகை எடுத்தாள்.

வேலியின் விளிம்புக்கு மேலே பந்து எழும்பியது. பழுப்பாக, பிடி இறுகாத கையிலிருந்து வந்தது போலத் தலையை ஆட்டிக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து. வந்த வேகத்தில் இறங்கி மறைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் கையை உதறுவானா, துண்டில் மறைப்பானா என்று அவள் கண்ணை மூடாமலே பார்த்தாள். மறுபடி எழும்பியது. இந்த முறை ஆட்டம் குறைவு. மறைந்தது. விசில்.

மூன்றாவது பந்து விளக்குக் கம்பத்தையும் தாண்டி ஏறியது. வெள்ளைத் தையல் கண்ணுக்குத் தெரியாதபடி தன்னைத் தானே இறுக்கமாகச் சுற்றிக்கொண்டு, ஊர் ஓரத்து ஏரியின் பக்கமிருந்த வெளிச்சத்துக்குள் போய், உச்சியில் ஒரு கணம் எங்கும் போக அவசரமில்லாதது போல நின்றது. கொரின் நெற்றியில் கை வைத்து அண்ணாந்து, அது போய்ச் சேரும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.